டீ மாஸ்டரும் நாலு வேஷக்காரங்களும்

பொங்கலுக்கு வந்த பேரன் இந்தத் தடவை தனியா வரலை. பெங்களூர்ல கூட வேலை பாக்குற நாலு பிள்ளைகளையும் கார்ல அள்ளிப் போட்டுக் கொண்டாந்துட்டான். மூணு பையன், ஒரு பொம்பளைப் பிள்ளை. கரும்பைக் கடிச்சு, பொங்கலைத் தின்னு, ராத்திரி திண்ணையில வட்டமா உக்காந்தாங்க. சரி, சீட்டாட்டம் நடக்கப் போகுது, நாமளும் ஒரு கை போடுவோம்னு வெத்தலைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். சீட்டுக்கட்டைக் காணோம். ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு தாளு, நடுவுல கலர் கலரா தாயக்கட்டை. ஒண்ணை எடுத்துப் பாத்தா எண்ணி இருபது மூஞ்சி. நாலு மூஞ்சிக் கட்டையை உருட்டியே எங்க ஊருல மண்டை உடைஞ்சிருக்கு. இருபது மூஞ்சின்னா கேக்கவா வேணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வாக்குப் பொய்க்கலை. பத்து மணிக்குள்ள ஒருத்தன் எந்திரிச்சுக் கார் சாவியைத் தேடுறான். அந்தப் பிள்ளை மூக்கைச் சிந்துது. இன்னொருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடிச்சு, "இந்தா பாரு ரூலு, இந்தா பாரு ரூலு"ன்னு கத்துறான்.

"இதுல நீ யாருடா?"ன்னு பேரனைக் கேட்டேன்.

"நான் டிஎம் தாத்தா."

என் காதுல டீ மாஸ்டர்னு விழுந்துச்சு. டஞ்சன் மாஸ்டர்னு அவன் திருத்துனான். நான் திருத்திக்கிடலை. விவரம் கேக்கக் கேக்க, நான் சொன்ன பேருதான் பொருத்தம்னு பட்டுச்சு. ஒருத்தனுக்கு ஸ்ட்ராங்கு, ஒருத்தனுக்கு லைட்டு, ஒருத்தனுக்குச் சீனி கூடாது. அத்தனை பேருக்கும் ஒரே பாய்லர்ல இருந்துதான் ஆத்திக் குடுக்கணும், எவனும் கிளாஸை வீசிட்டுப் போயிரக் கூடாது. கதையை அவன்தான் சொல்லுவான். "இருட்டுக் குகை. உள்ள ஏதோ மூச்சு விடுது. என்ன செய்றீங்க?" மத்தவங்க ஆளுக்கொரு வேஷத்துல இருந்துக்கிட்டு, "நான் பந்தம் கொளுத்துறேன்", "நான் பின்னால ஒளியுறேன்"ம்பாங்க. அது பலிக்குமா பலிக்காதாங்கிறதைக் கட்டை சொல்லும். இருபது விழுந்தா குலதெய்வம் நேர்ல வந்த மாதிரி. ஒண்ணு விழுந்தா மானம் போச்சு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேராம். வேஷம் கட்டாத வேஷம், மேடை போடாத நாடகம். எனக்கு இது புதுசு இல்லை. இருபது வருசம் ஸ்பெஷல் நாடகத்துல பபூன் கட்டி ஆடுனவன் நான். அதை இவங்ககிட்ட இன்னும் சொல்லலை. பபூன் முதல்லயே கையைத் திறந்து காட்டக் கூடாது.

வழக்கைக் கேளுங்க. நாலு பேரும் கதைக்குள்ள ஒரே கூட்டம். ஒருத்தன் திருடன் வேஷம். அந்தப் பிள்ளை வைத்தியச்சி. கண்ணாடி போட்டவன் மந்திரவாதி. நாலாவது பையன் கோடாலி தூக்குன காட்டுமிராண்டி. வேஷந்தான் அப்படி, ஆளு வாயில்லாப் பூச்சி. மூணு வாரத்துக்கு முந்தி ஒரு குகையில மந்திர மோதிரம் கெடைச்சிருக்கு. பொதுப்பையில போட்டு வச்சிருக்காங்க. எல்லாரும் தூங்குன நேரம் பாத்துத் திருடன் அதை உருவிக்கிட்டான். வைத்தியச்சிக்கு அது தெரிஞ்சு போச்சு, வாயைத் திறக்கலை. இன்னைக்கு ராத்திரி ஓநாய்க் கூட்டம் திருடனைக் குதறுது. மருந்து போடம்மான்னா, "என் கேரக்டருக்கு இப்ப மூடு இல்லை"ன்னுட்டா. திருடன் செத்துப் போனான். மூணு வாரப் பகை மூணு நிமிசத்துல வெடிச்சுருச்சு.

"நீ எதுக்குய்யா கூட்டாளி பையிலயே கையை விட்ட?"ன்னு திருடனைக் கேட்டேன்.

அவன் நெஞ்சை நிமித்திச் சொல்றான்: "தாத்தா, நான் எடுக்கலை. என் கேரக்டர் திருடன். அவன் அப்படித்தான் செய்வான்."

அடேங்கப்பா! எனக்குக் கும்புடணும்போல இருந்துச்சு. எழுபத்தெட்டு வயசு ஆச்சு, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் ஏறி இறங்கியிருக்கேன், இம்புட்டுச் சுத்தமான சாக்கை எங்கேயும் கேட்டதில்லை. இது தெரிஞ்சிருந்தா உங்க பாட்டிகிட்ட நான் எத்தனை அடி மிச்சம் பண்ணியிருப்பேன். "நான் குடிக்கலை ஆத்தா, என் கேரக்டர் குடிச்சுருச்சு." அந்தப் பிள்ளை பக்கம் திரும்புனேன். "நீ ஏம்மா மருந்து போடலை?" அவளும் அதையே சொல்லுதா. அவ கேரக்டருக்குத் தன்மானம் உண்டாம். சரிதான், ஆளுக்கொரு கேரக்டரை வேலைக்காரனா வச்சிருக்கீங்க. கடிக்கிறதுக்கு அவன், காசு வாங்கிக்கிறதுக்கு நீங்க.

கண்ணாடிக்காரன் நடுவுல புகுந்தான். "தாத்தா, ரூல்படி இவன் சாகவே இல்லை. உயிர் சைபருக்கு வந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கட்டை உருட்டணும். மூணு தடவை தோத்தாத்தான் சாவு." அவன் சொன்னது சரிதானாம். சரியாச் சொன்னதுதான் தப்பு. அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கு, இவன் செத்தவனுக்கு வாய்தா கேக்கான். இந்த மாதிரி ஆளுக்கு அவங்க பாஷையிலேயே ரூல்ஸ் லாயர்னு பேரு இருக்காம். எய்யா, கோர்ட்டுக்கு வெளியிலயும் கருப்புக் கோட்டோட திரியுற வக்கீலுக்கு எவனும் கல்யாணப் பத்திரிகை வைக்க மாட்டான்னேன். ஆனா பையன் தங்கம். படிச்சவன். இந்த ஆட்டத்தோட பூர்வீகம் பூராவும் அவன் வாயில இருக்கு. அன்னைக்கு ராத்திரி நான் தெரிஞ்சுக்கிட்ட சேதியெல்லாம் அவன் போட்ட பிச்சை.

இந்த ஆட்டம் பொறந்ததே கலாட்டாவுலதானாம். 1969-ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர், நெப்போலியன் காலத்து யுத்தத்தைப் பொம்மை வச்சு விளையாடுற கோஷ்டிக்கு ஒரு புது ஏற்பாடு செஞ்சாராம். பிரவுன்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஊரு. படையை நடத்துறதோட, ஊருக்குள்ள இருக்கிற ஆளாவும் ஆடலாம்னு ஆளுக்கொரு வேஷம் குடுத்திருக்கார். யுத்தம் தொடங்குறதுக்குள்ள வேஷக்காரங்க மூலைக்கு மூலை ஒதுங்கிக் குசுகுசுன்னு பேசி, பேரம் நடத்தி, ரெண்டு பேரு ஒத்தைக்கு ஒத்தை சண்டைக்கே நின்னுட்டாங்களாம். அதுக்கு ரூலே எழுதலை. மனுசன் நொந்து போயி, ஆட்டம் பாழாப் போச்சுன்னு நெனச்சிருக்கார். ஆடுனவங்க மறுபடி எப்பன்னு கேட்டு நச்சரிச்சிருக்காங்க. பாத்தீங்களா, வேஷத்தைக் குடுத்தா மனுசன் யுத்தத்தை விட்டுட்டு வம்புக்குத்தான் முதல்ல போவான்.

அதுல ஆடுன டேவ் ஆர்னசன்ங்கிறவர் அந்த வித்தையை எடுத்து, கோட்டையும் பாதாளமுமா ஒரு கதையை வளத்தார். பக்கத்து விஸ்கான்சின்ல லேக் ஜெனீவாங்கிற சின்ன ஊருல கேரி கைகாக்ஸ்னு இன்னொருத்தர். இன்சூரன்ஸ் வேலை போயி, வீட்டுல செருப்புத் தைச்சுக்கிட்டு ரூல் புஸ்தகம் எழுதுனவர். ரெண்டு பேரும் சேந்து எழுதுனது 1974-ல அச்சாச்சு, ஆயிரம் பிரதி. உலகம் பூராவும் அந்நியனை அந்நியனோட ஒரு மேசையில உக்கார வச்ச ஆட்டம் அது. வச்ச ரெண்டு பேரும் ஒரு மேசையில உக்காந்தாங்களான்னு கேளுங்க. 1977-லேருந்து 'அட்வான்ஸ்டு'ன்னு பேரு சேத்துப் புதுப் புஸ்தகம் போட்டாங்க, அதுல கைகாக்ஸ் பேரு மட்டுந்தான். பங்கு எங்கேன்னு 1979-ல ஆர்னசன் கோர்ட்டுக்குப் போனார். 1981-ல ராசியாச்சு. அது முடிஞ்சு நாலு வருசத்துல, தான் ஆரம்பிச்ச கம்பெனியிலேயே கைகாக்ஸுக்குப் பிடி போச்சு, பெறவு அவரும் வெளிய வந்தார். ரூல் எழுதுன மகராசனுக்கே, 'கூட்டாளிக்குப் பங்கு எம்புட்டு'ங்கிறதுக்கு ஒரு ரூல் எழுதத் தோணலை. ஒரு மந்திர மோதிரத்துக்கு நீங்க அழுதீங்கன்னா அது மூலவரே காட்டுன வழி, வெக்கப்படாதீங்கன்னு தேத்துனேன். அந்தப் பிள்ளை லேசா சிரிச்சுது.

நம்ம டீ மாஸ்டர் மட்டும் தாளை அடுக்குறான், பென்சிலைச் சீவுறான், தலையை நிமித்தலை. "நீ என்னடா சொல்லுத?"ன்னேன். "நான் நியூட்ரல் தாத்தா. கதைதான் என் பொறுப்பு. அவங்க சண்டையை அவங்கதான் பேசித் தீத்துக்கணும்." எங்கேயோ கேட்ட குரலா இருக்கேன்னு பாத்தா, ஊருல கிணத்துத் தகராறு வந்தப்ப அவுக அப்பன் சொன்னதும் இதேதான். ரத்தம் பேசுது.

இதைக் கேட்டதும் கண்ணாடிக்காரன் ஒரு கதை சொன்னான். சிரிக்கிற கதை இல்லை. 1990-ல கலிபோர்னியாவுல ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாத்த பாவெல் கர்ட்டிஸ்ங்கிறவர், லாம்டாமூன்னு ஒரு எழுத்து உலகத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள கட்டுனாராம். படம் கிடையாது, வெறும் வாக்கியம். தன் வீட்டையே மாதிரியா வச்சு முன்னறை, அலமாரின்னு கட்டியிருக்கார். உலகத்துல எந்த மூலையில இருக்கிறவனும் அந்த முன்னறையில வந்து உக்காந்து பேசலாம். நிர்வாகம் பண்றவங்களுக்கு மந்திரவாதின்னு பேரு. தெனமும் பிராது கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி, 1992 கடைசியில மந்திரவாதிங்க ஒரு அறிக்கை விட்டாங்களாம்: இனி மிஷினைப் பாத்துக்கிடுறதுதான் எங்க வேலை, உங்க தகராறு உங்களோட. நம்ம டீ மாஸ்டர் மாதிரியே நியூட்ரல். நாலு மாசம்கூட ஆகலை. ஒருத்தன் ஒரு மாய பொம்மையை வச்சு, முன்னறையில இருந்த மத்தவங்க வேஷத்தையெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஆட்டி, வாயால சொல்லக் கூடாத அசிங்கத்தை அவங்களே செய்யுற மாதிரி எழுதிட்டான். எழுத்துதானேன்னு கேப்பீங்க. அதுல ஒரு பொம்பளை இதைப் பத்தி எழுதிப் போடும்போது நெசமாவே கண்ணீர் விட்டிருக்கு.

சனம் கூடிப் பேசுச்சாம். தூக்கணும்ங்கிறான் ஒருத்தன், அதுக்கு நமக்கு என்ன அதிகாரம்ங்கிறான் ஒருத்தன், இது வெறும் விளையாட்டுங்கிறான் இன்னொருத்தன். மணிக்கணக்குல பேசியும் முடிவு இல்லாம கலைஞ்சாங்க. பெறவு ஒரு மந்திரவாதி யாருகிட்டேயும் கேக்காம, தானே அந்த வேஷத்தை அழிச்சுட்டுப் போயிட்டார். ஊருக்குத் திரும்பி வந்த கர்ட்டிஸ், இப்படித் தனியாள் முடிவு பண்றது சரியில்லைன்னு, மனு போடலாம், ஓட்டுப் போடலாம்னு ஏற்பாடு செஞ்சார். ஓட்டு, மனு, மத்தியஸ்தம்னு மூணு வருசம் இழுத்துப் பாத்து, 1996-ல மந்திரவாதிங்களே மறுபடி பொறுப்பை எடுத்துக்கிட்டாங்களாம். பாய்லர் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நான் நியூட்ரல்ங்கிறவனை நம்பாதீங்க. சாவி இருக்கிறவன் பேசாம இருக்கிறதும் ஒரு பேச்சுத்தான். பேரன் பென்சில் சீவுறதை நிப்பாட்டிட்டான்.

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம். நம்ம பக்கம் விவரமான பெரியாளுங்க பிராது சொல்றவனை முதல்ல கேக்க மாட்டாங்க. அவன் ஒத்திகை பாத்துட்டு வந்திருப்பான். ஓரத்துல பேசாம நிக்கிறவனைக் கேப்பாங்க. நான் கோடாலிக்காரனைக் கேட்டேன். "நீ சொல்லுய்யா. உனக்கு என்ன தோணுது?" அவன் நாலு பேரையும் ஒரு சுத்துப் பாத்துட்டு மெதுவாச் சொன்னான். "இந்த ட்ரிப் முடிஞ்சதும் நான் நின்னுக்கலாம்னு இருந்தேன் தாத்தா. ரெண்டு மாசமா நான் 'அடிக்கிறேன்'ங்கிற வார்த்தையைத் தவிர ஒண்ணும் பேசலை. யாரும் கவனிக்கலை." நாலு பேருக்கும் மூஞ்சி செத்துப் போச்சு. கத்துறவனைச் சமாதானம் பண்ற அவசரத்துல, சத்தமில்லாமப் போறவனை எந்தக் கூட்டமும் கவனிக்கிறதில்லை. கத்துறவன் போக மாட்டான் எய்யா. அவனுக்கு இந்த இடம் வேணும், அதுக்குத்தான் கத்துறான்.

இன்னொண்ணும் சொன்னான் கோடாலிக்காரன். "இவங்க சண்டை மோதிரத்துக்கு இல்லை தாத்தா. ஏற்காடு போனதுக்கு."

அங்கன இருக்கு சூட்சுமம். தீபாவளிக்கு முந்தி அஞ்சு பேரும் ஏற்காடு போயிருக்காங்க. பெட்ரோலு, ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் திருடன் வேஷக்காரன் கார்டுல போட்டது. 11,400 ரூவா. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் திருப்பிக் குடுக்கலை. கேக்கவும் இவனுக்குக் கூச்சம். ஒண்ணா வேலை பாக்குறோம், ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு எப்படிக் கேக்குறதுன்னு வாயை மூடிக்கிட்டு, மூணு வாரத்துக்கு முந்தி ராத்திரியோட ராத்திரியா மோதிரத்தை எடுத்திருக்கான். வசூல்! அந்தப் பிள்ளை பதறிப் போச்சு. அவ தன் பங்கைக் கண்ணாடிக்காரனுக்கு அனுப்பியிருக்கா, அவன் சேத்துக் குடுத்துருவான்னு. கண்ணாடிக்காரன் மறந்துட்டான். உயிர் சைபருக்கு வந்தா எத்தனை தடவை உருட்டணும்னு தெரியுது, கூட்டாளி காசு சட்டைப்பையில கெடக்குறது தெரியலை.

சின்னக் கணக்குத்தானேன்னு சிரிக்காதீங்க. ஐஸ்லாந்துக்காரங்க உண்டாக்குன ஈவ் ஆன்லைன்னு ஒரு விண்வெளி ஆட்டம் இருக்காம். 2014 ஜனவரி 27-ஆம் தேதி, ஒரு கூட்டணி தன் கைவசம் இருந்த ஒரு மண்டலத்துக்குக் கட்டவேண்டிய தொகை கட்டாமப் போயிருச்சு. நம்ம பாஷையில தீர்வை பாக்கி. எதிராளி உள்ள புகுந்துட்டான். 21 மணி நேரம் சண்டை, ஏழாயிரம் பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க. உடைஞ்ச கப்பலை எல்லாம் காசாக் கணக்குப் போட்டா மூணு லட்சம் டாலராம். எங்க ஊர்ல தீர்வை பாக்கி வச்சா தலையாரி வந்து கதவைத் தட்டுவான், அம்புட்டோட சரி.

பங்கு பிரிக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுங்க தாத்தான்னு பேரன் கேட்டான். கோயில் கொடைக்குக் கிடா வெட்டுனா கறியைக் கூறு வைப்போம். தொடைக்கறியும் எலும்பும் ஈரலும் கலந்து, எந்தக் கூறும் எந்தக் கூறுக்கும் எளைச்சதா இருக்காது. அதுக்குப் பெறவும் சந்தேகம் வரும். ஒரு சின்னப் பையனை முதுகைக் காட்டி நிப்பாட்டி, ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?"ன்னு கேப்போம். அவன் பாக்காமலே ஒரு பேரைச் சொல்லுவான். பேச்சு முடிஞ்சு போச்சு. இதுக்கு மேல நியாயத்தை எந்த அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சான்னேன். கண்ணாடிக்காரன் விடுவானா. 1999-ல வந்த எவர்குவெஸ்ட்ங்கிற ஆட்டத்துல டிராகனைக் கொல்ல அம்பது அறுபது பேரு கூடுவாங்களாம், கெடைக்கிறது நாலஞ்சு பொருளுதான். யாரு எத்தனை நாள் வந்தாங்கன்னு புள்ளி போட்டு வச்சு, அந்தப் புள்ளியைக் குடுத்துப் பொருளை வாங்கிக்கிடுவாங்களாம். பால் சொசைட்டி நோட்டுன்னு சொல்லு. நல்ல வழிதான். ஆனா நோட்டு வந்த பெறவு மாட்டை எவனும் தடவிக் குடுக்கிறதில்லை, லிட்டரைத்தான் பாக்கான்.

அதுக்குள்ள சீட்டுக்கட்டு ஒண்ணும் வந்து சேந்துச்சு, நான் கேட்டபடி இல்லை. இங்கிலாந்துல எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல 1978-ல ஒரு எழுத்து உலகத்தைக் கட்டுன ரெண்டு பேருல ஒருத்தர் ரிச்சர்ட் பார்ட்டில். வந்து ஆடுற சனத்தை வருசக்கணக்கா கவனிச்சு, 1996-ல நாலு தினுசாப் பிரிச்சாராம், சீட்டு இனத்தை வச்சே. டைமன், சொத்துச் சேக்கிறவன். இஸ்பேடுன்னா மம்பட்டி, தோண்டித் தோண்டித் தெரிஞ்சுக்கிடுறவன். ஆர்ட்டின், நாலு பேரோட பேசிச் சிரிக்க வாறவன். கிளாவரை அவங்க தடிம்பாங்களாம், அடுத்தவனை அடிச்சுப் பாத்து ருசிக்கிறவன். எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. நம்ம திருடன் டைமன். கண்ணாடி இஸ்பேடு. வைத்தியச்சி ஆர்ட்டின். கோடாலிக்காரன் கிளாவருன்னு சொல்லப் போயி நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவன் கையிலதான் கோடாலி, ஆளு பச்சை ஆர்ட்டின். பேசிச் சிரிக்க வந்தவன் கையில கோடாலியைக் குடுத்து ரெண்டு மாசமா வெட்டுறா வெட்டுறான்னா அவன் எங்க போவான்? ஒவ்வொருத்தனும் தன் கையில இருக்கிற சீட்டுத்தான் துருப்புன்னு நெனைக்கான். ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி ஒரு நாள் உக்காந்து, என்ன துருப்புன்னு பேசிக்கிடணும். அவங்களும் அதுக்குச் செஷன் ஜீரோன்னு பேரு வச்சிருக்காங்களாம். ஏன் நீங்க உக்காரலைன்னேன். டீ மாஸ்டர் சொல்லுதான், "எல்லாரும் ஃபிரண்ட்ஸ்தானே தாத்தா, எதுக்குன்னு விட்டுட்டோம்." சொந்தக்காரன்கிட்ட எதுக்குப் பத்திரம்னு விட்டவங்க எல்லாம் கோவில்பட்டிக் கோர்ட்டு வாசல்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க, போயிப் பாரு.

ராத்திரி ஒரு மணி இருக்கும். அந்தப் பிள்ளை பையிலேருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டுச்சு. வெள்ளை அட்டை, மேல ஒரு பெருக்கல் குறி. எக்ஸ் கார்டுன்னு பேராம், ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ்ங்கிறவர் கொண்டாந்தது. மேசை நடுவுல கெடக்கும். கதை போற போக்கு மனசைக் குத்துனா யாரு வேணும்னாலும் அதைத் தொடலாம். தொட்டா அந்தப் பேச்சை அத்தோட விட்டுட்டு வேற பக்கம் போயிரணும். ஏன் தொட்டேன்னு யாரும் கேக்கக் கூடாது. "நான் எப்பவும் கொண்டு வருவேன் தாத்தா. வெளிய எடுத்தா கிண்டல் பண்ணுவாங்கன்னு எடுத்ததில்லை"ன்னா.

நான் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அதுக்கு மேல என்னால கேலி பேச முடியலை. பபூன் கதையைச் சொன்னேன்.

ஸ்பெஷல் நாடகம்னா உங்களுக்குத் தெரியாது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, ஆர்மோனியப் பெட்டிக்காரர் இன்னொரு ஊரு. தனித்தனியா அட்வான்ஸ் வாங்கி, அன்னைக்கு ராத்திரி திரைக்குப் பின்னாலதான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாப்போம். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், பேச்சு வாய்க்கு வந்தது. வள்ளி திருமணத்துல வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும் பாருங்க, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், கேள்விக்குக் கேள்வி. எல்லை தாண்டுற மாதிரி இருந்தா பெட்டிக்காரர் கட்டையை அழுத்தி ஒரு இழுப்பு இழுப்பார். சுதி ஏறுனா பாட்டு எடுத்துத்தான் ஆகணும். பேச்சு அத்தோட அறுந்துரும். அதுதான் எங்க எக்ஸ் கார்டு.

1974-ல, உங்க புஸ்தகம் அச்சான அதே வருசம், கருசக்காட்டுல ஒரு ஊரு. மாசி மாசம், பனி. வள்ளியா வந்த அம்மா நல்ல பாட்டுக்காரி. புருசனை விட்டுப் பிரிஞ்சு ஆறு மாசந்தான் ஆகியிருந்துச்சு. எனக்குத் தெரியும், சனத்துக்கும் தெரியும். தினைப்புனக் காவலுக்கு நான் ஒரு வேடனா நிக்கிறேன். முருகன் கிழவனா வந்து பொண்ணு கேக்கார். நான் சும்மா இருந்திருக்கலாம். "தாத்தா, இந்தப் பொண்ணு வேணாம், முந்தினவரு வீட்டுலயே நிக்கலை"ன்னுட்டேன். கொட்டகையே இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. அந்தம்மா பேசலை. கையில கவண் வச்சிருந்தாங்க, அந்தக் கயித்தைச் சுருட்டுறாங்க, பிரிக்கிறாங்க, சுருட்டுறாங்க. பெட்டிக்காரர் இழுத்தார். பாட்டு எடுத்தாங்க. சுதி கொஞ்சம்கூட விலகலை.

விடிஞ்சு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில எல்லாரும் நிக்கோம். பாதி அரிதாரம் காதோரம் இருக்கு. நான் போயி, "என்ன, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீக, பபூன் பேச்சைப் போயிப் பெருசா எடுத்துக்கிட்டு"ன்னேன். அவங்க கிளாஸைப் பெஞ்சு மேல வச்சாங்க. "பபூன் பேசலைண்ணே. நீங்க பேசுனீங்க." தன் டீக்குத் தானே காசு குடுத்துட்டு மதுரை வண்டியில ஏறிட்டாங்க. அதுக்குப் பெறவு நான் இருக்கிற நாடகத்துக்கு அவங்க ஒப்புக்கிட்டதே இல்லை. ஏஜெண்டுதான் சொன்னார்.

"நீங்க மன்னிப்புக் கேக்கலையா தாத்தா?"ன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு.

"கேக்கணும்னு இருந்தேன். அடுத்த கொடைக்குக் கேப்போம், அடுத்த சீசனுக்குக் கேப்போம்னு..." வெத்தலையை மடிச்சேன். யாரும் பேசலை. கண்ணாடிக்காரன் போனை எடுத்து என்னமோ அழுத்துனான். திருடன் போன் டிங்னுச்சு. ஒண்ணு, பெறவு இன்னொண்ணு, பெறவு இன்னொண்ணு. அட்டையை அந்தப் பிள்ளை நடுவுல வச்சுச்சு. ஒருத்தனும் கிண்டல் பண்ணலை.

பேரன் ஒரு புதுத் தாளை என் பக்கம் நகத்துனான். "நீங்களும் வாங்க தாத்தா. உங்களுக்கு என்ன வேஷம் வேணும்?"

"பபூன் இருக்காடா இதுல?"

"பார்டுன்னு ஒண்ணு இருக்கு தாத்தா. பாட்டுப் பாடுவார். கேலி பேசியே எதிராளிக்குக் காயம் பண்ணலாம், அதுக்குன்னு ஒரு மந்திரமே இருக்கு."

"கேலிக்குக் காயமா? எம்புட்டு?"

"எங்க புஸ்தகப்படி தொடக்கத்துல நாலு மூஞ்சிக் கட்டை ஒண்ணு. ரொம்பப் போனா நாலு."

அந்தக் கட்டையை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தேன். கூம்பா, முள்ளு மாதிரி இருந்துச்சு.

"நாலுதானாடா?"ன்னேன். "உங்க மூட்டை முடிச்சைச் சுமக்கக் கழுதை ஏதும் இருந்தா அந்த வேஷத்தைக் குடு."